ஆமென் சொல்ல ஒரு ஆள்

"எறங்கிட்டேன் சென்னா. ஆரம்பிக்கலாமா?"

போனில் கிருஷ்ணப்பன் வேறெதுவும் கேட்பதில்லை. கம்பெனி பஸ் சிப்காட்டையெல்லாம் சுற்றிக்கொண்டு வந்து முனையில் அவனை இறக்கிவிட்டுப் போனதும், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டியபடி, நடந்துகொண்டே ஜெபம் பண்ணத் தொடங்கிவிடுவான். முனையிலிருந்து அவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு ஒரே தெருதான். அந்தத் தெருவின் நட்டநடுவில் டாஸ்மாக் கடை. கடையைத் தாண்டும்வரை ஜெபம் கிருஷ்ணப்பனுடையது. அவன் கேட்கும் ஒவ்வொன்றுக்கும் ஆமென் சொல்வது அவன் மனைவி சென்னம்மாளின் வேலை.

அவளுக்கு வேறு வேலை இல்லையா என்றால், தலைக்கு மேல் இருக்கிறது. லைன் வீடுகளில் பாதிப் பேருக்கு அவள்தான் தோசை மாவு ஆட்டிக் கொடுக்கிறாள். முதல் ஷிப்டு முடிந்து கிருஷ்ணப்பன் பஸ்ஸை விட்டு இறங்கும் நேரமும் உளுந்து பொங்கி வரும் நேரமும் ஒன்று. காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, முழங்கை வரை மாவோடு அவள் சொல்லும் ஆமெனை எந்தச் சபையிலும் கேட்க முடியாது.

"சத்தமா சொல்லு சென்னா. கிரைண்டர் சத்தத்துல கேக்கல."

"ஆமென்யா, ஆமென். நடய்யா."

ஆமென் வரத் தாமதமானால் கிருஷ்ணப்பன் நின்றுவிடுவான். எங்கே நிற்கிறோம் என்றெல்லாம் பார்ப்பதில்லை. கடை வாசலுக்கு நேர் எதிரே, பிளாஸ்டிக் டம்ளரோடு உட்கார்ந்திருப்பவர்கள் வேடிக்கை பார்க்க, போனைக் காதில் வைத்தபடி காத்திருப்பான். தனியாகக் கேட்பதைவிட ரெண்டு பேர் ஒருமனமாகக் கேட்டால் பலம் அதிகம் என்று பாஸ்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசப்போய், அதை இந்த மனுஷன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். வாராவாரம் எத்தனையோ பேசும் பாஸ்டர், அதை மட்டும் பேசாமல் இருந்திருக்கலாம் என்று சென்னம்மாளுக்குத் தோன்றாத நாளில்லை.

இதில் வேடிக்கை, அவள் கிறிஸ்தவளே அல்ல. செவ்வாய்க்கிழமை மாரியம்மனுக்கு விளக்குப் போடுகிறவள், ஆடி மாதம் கூழ் ஊற்றுகிறவள். அதைச் சொல்லித் தப்பிக்கவும் பார்த்தாள்.

"எங்க மாரியம்மா கோவிச்சிக்க மாட்டாளா?"

"உன்ன ஞானஸ்நானமா எடுக்கச் சொன்னேன்? ஆமென்னா அப்படியே ஆவட்டும்னு அர்த்தம். நான் குடிக்காம வூட்டுக்கு வர்றேன். அது ஆவட்டும்னு சொல்றதுக்கு உனக்கு இன்னா கஷ்டம்?"

அவனிடம் அவளுக்கு ஆத்திரமே இதுதான். பேசுவது பைத்தியக்காரத்தனமாக இருக்கும், மடக்கவும் முடியாது.

வேறு வழியில் வரக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். அவளும் கேட்டாள். ஏரிக்கரைப் பக்கம் சுற்றி வந்தால் கடையே கண்ணில் படாது. கிருஷ்ணப்பன் கொஞ்ச நாள் அப்படியும் வந்தான். அங்கே நாய் கடித்தது. ஊசி போட்டுக்கொண்டு வந்து, "இதுவும் சோதனதான்" என்றான். கேஸ் தீர்ந்தால் சோதனை, காயப்போட்ட யூனிபாரத்தில் மழை பெய்தால் சோதனை, பஸ்ஸில் பக்கத்து ஆள் தோளில் தூங்கி எச்சில் ஒழுகவிட்டால் அதுவும் சோதனை. "உன் சாமிக்கு உன்ன சோதிக்கறத வுட்டா வேற பொழப்பே இல்லியா?" என்று சென்னம்மாள் கேட்டிருக்கிறாள். அதற்கும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

இப்படிச் சிரிக்கிறவன்தான், அவள் சாமல்பட்டியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்த சமயம் அவளுடைய பழைய கிரைண்டரை விற்றுக் குடித்தவன். தமிழ்நாட்டுக் கடை மூடினால் எல்லை தாண்டிக் கர்நாடகத்து அத்திப்பள்ளி, அங்கேயும் மூடினால் திரும்பி வந்து திருட்டுத்தனமாக விற்கும் ஏதாவது ஒரு மறைவிடம் என்று வாழ்ந்தவன். கடைசியில் கண்ணெல்லாம் மஞ்சளாகி, வயிறு வீங்கி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். இன்னொரு தடவை குடித்தால் இங்கே தூக்கிக்கொண்டு வர வேண்டாம் என்று டாக்டர் சென்னம்மாளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் கோபத்தில் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அந்த வார்டுக்குத்தான் நாராயணம்மா வந்தார். பாகலூர் பக்கத்துக்காரர், பேரை மாற்றிக்கொள்ளாமலே சபைக்குப் போகிறவர். பக்கத்துக் கட்டில் நோயாளிக்கு ஜெபம் பண்ண வந்தவர், அந்த ஆள் தூங்கிக்கொண்டிருந்ததால், வந்தது வீணாகக்கூடாதென்று கிருஷ்ணப்பனின் தலையில் கை வைத்தார். ஜெபம் முழுக்கத் தெலுங்கில். கிருஷ்ணப்பனுக்குப் பாதி புரியவில்லை. "புரியல சென்னா. ஆனா எனக்காக ஒருத்தங்க கண்ணு கலங்கிப் பேசறாங்கோ. யாருகிட்டயோ பேசறாங்கோ. அது யாருன்னு பாக்கணும்" என்றான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே போனான். டயர் கடைக்கு மேலே தகரக் கூரை போட்ட ஹாலில் சபை. பாட்டு மூன்று பாஷையில் நடக்கும்.

அன்றிலிருந்து அவன் குடிக்கவில்லை. அதை அவளும் மறுக்கமாட்டாள். ஆனால் குடிக்காமல் இருப்பதில் இவ்வளவு சத்தம் எதற்கு என்பதுதான் அவள் கேள்வி. வாராவாரம் மைக்கைப் பிடித்துச் சாட்சி சொல்கிறான். ஒரு தடவை போய் உட்கார்ந்தாள். கிரைண்டர் விற்ற கதையை, விலை முதற்கொண்டு, அத்தனை பேர் முன்னால் சொன்னான். பெண்களெல்லாம் திரும்பித் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் அவள் அந்தப் படியேறவில்லை.

"மத்தவன்லாம் குடிய வுட்டா கமுக்கமா இருக்கறாங்கோ. நீ மட்டும் ஏன்யா ஊரக் கூட்டற?"

"அவங்களுக்குப் பலம் இருக்குது சென்னா. எனக்குன்னு கெடையாது. அவருகிட்ட கேட்டு வாங்கித்தான் அந்த எடத்த தாண்டறேன். நேத்து வாங்கினது நேத்தோட செரியாப் போச்சி. இன்னிக்கிக்கு இன்னிக்கித்தான் கேக்கணும்."

போன வியாழக்கிழமை நடந்ததுதான் கூத்து. மாவு பாதி ஆடியிருக்கும்போது கரண்டு போனது. பாத்திரத்தோடு பெண்கள் வாசலில் நின்றார்கள். லைன் வீட்டு ஓனர் வந்து தண்ணீரைப் பார்த்துச் செலவழிக்கச் சொல்லிவிட்டுப் போனார். அப்போது போன் வந்தது. கையில் மாவு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

கிருஷ்ணப்பன் அன்றைக்கு நல்ல உற்சாகத்தில் இருந்தான். சூப்பர்வைசருக்காகக் கேட்டான், ஆமென். பிரஸ் மிஷினில் புதிதாகச் சேர்ந்தவனுக்காகக் கேட்டான், ஆமென். "இதோ மாதேஷ் கடப் படியில குந்திகினு என்ன கூப்புடறான் ஆண்டவரே, அவனையும் பாரும்" என்றான். மாதேஷ் அவனோடு குடித்தவன். அதற்கும் ஆமென். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னான்: "என் பொண்டாட்டி சென்னம்மா நல்லவ சாமி. ஆனா கோவம் ஜாஸ்தி, வாயும் ஜாஸ்தி. அத எடுத்துப்போட்டு அவளுக்குச் சாந்தத்த குடும்."

வாசலில் நின்ற பெண்கள் பாத்திரத்தால் வாயை மறைத்துக்கொண்டார்கள்.

"சென்னா? ஆமென் சொல்லு."

"அந்த ஆமென நாராயணம்மாகிட்ட போய் வாங்கிக்கோ" என்று சொல்லி, மாவு விரலாலேயே போனை நிறுத்தினாள்.

கரண்டு வந்தது. மாவை ஆட்டி முடித்து எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். முதலில் நிம்மதியாக இருந்தது. வரட்டும், இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்று வார்த்தைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டாள். அவன் வரவில்லை. போனும் வரவில்லை. நானா கூப்பிடுவேன் என்று இருந்தவள், கடைசியில் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. சென்னம்மாள் ஆமென் சொல்லாததால் விழுந்துவிட்டேன் என்று இந்த மனுஷன் ஞாயிற்றுக்கிழமை மைக்கில் சொன்னாலும் சொல்வான் என்று நினைத்தாள். அந்த எரிச்சல் தீருவதற்குள் அவனுடைய மஞ்சள் கண்கள் ஞாபகம் வந்தன. டாக்டரின் களைத்த முகமும் வந்தது. கையைக் கழுவாமலே தெருவில் இறங்கினாள். நடந்துகொண்டே திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள்.

கடைக்கு எதிரே, 'ஆட்கள் தேவை' என்று நோட்டீஸ் ஒட்டிய இரும்புக் கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்தபடி கிருஷ்ணப்பன் நின்றுகொண்டிருந்தான். அவள் கூப்பிட்ட போன் அவன் சட்டைப் பையில் அடித்துக்கொண்டிருந்தது. உதடு மட்டும் அசைந்தது. சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

படியில் இருந்த மாதேஷ் எழுந்து நின்றான். "நான் ஒண்ணும் பண்ணலக்கா. ஒரு வாய் சாப்புடுன்னு கூப்புட்டேன், அவ்ளோதான். ரோட்ட தாண்டி இப்படி வரப் பாத்தான். பாதியில திரும்பிப் போயி கம்பத்த புடிச்சிகினான். அப்பலேந்து வுட மாட்டேங்கறான்."

சென்னம்மாள் அத்தனை ஆண்களுக்கும் நடுவே புருஷன் முகத்தருகே குனிந்து மோந்து பார்த்தாள். மிஷின் ஆயில் வாசனைதான் வந்தது.

"குடிக்கலியே?"

"இல்ல."

"போன எடுக்கறதுக்கு இன்னா கேடு?"

"கைய எடுத்தா காலு அங்க போவுது சென்னா."

"வூட்டுக்கு வந்திருக்கலாம் இல்ல?"

"கேட்டுகினேதான் இருக்கேன்" என்றான் கிருஷ்ணப்பன். "கம்பத்த புடிச்சிகினு நிக்கற அளவுக்குக் குடுத்துட்டாரு. நடக்கறதுக்கு இன்னும் வரல."

சேர்த்து வைத்த வார்த்தையெல்லாம் அவள் தொண்டை வரை வந்தது. இப்படி ஒரு பதிலைச் சொல்கிறவனை என்னவென்று திட்டுவது? கம்பத்தின் துரு ஒட்டியிருந்த அவன் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அவள் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, மாவு காய்ந்த தன் மணிக்கட்டில் வைத்தாள். கம்பத்தைப் பிடித்த அதே பிடியாகப் பிடித்தான். கண்ணாடி வளையல் ஒன்று நொறுங்கிக் கையில் ஏறியது. சென்னம்மாள் கையை இழுத்துக்கொள்ளாமல், கடைக்கும் அவனுக்கும் நடுவே மாறிக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.