துவைக்காத சட்டை

கணவன் கப்பலுக்குக் கிளம்பிப் போன அந்த ஞாயிற்றுக்கிழமையும் மூக்கக்கா ஒரு சட்டையை முகர்ந்துகொண்டுதான் இருந்தாள். தெருமுனையில் வண்டி மறைந்ததும் உள்ளே வந்தவள், முதல் நாள் அவன் கழற்றிப் போட்ட நீலச் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்தாள். காலரில் ஒரு இழுப்பு, அக்குளில் ஒரு இழுப்பு. சலவைக்கு வந்த கடைத் துணியாக இருந்தால் 'ஊற வைக்கணும்' என்று இடப்பக்கக் குவியலில் எறிந்திருப்பாள். இதைப் பொத்தான் போட்டு, மடித்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றி அலமாரியில் வைத்தாள்.

சலவைக்கடையில் துணி பிரிப்பது அவள் வேலை. மூட்டையை அவிழ்த்து ஒவ்வொரு துணியையும் மூக்கருகே கொண்டுபோவாள். எண்ணெய்ப் பிசுக்கா, வியர்வையா, வெறும் தூசியா என்று கண் பார்ப்பதற்குள் மூக்கு சொல்லிவிடும். அதனால்தான் அந்தப் பெயர். ஊராருடைய வாசனையையெல்லாம் துணியிலிருந்து விரட்டிச் சம்பளம் வாங்குகிறவள், வீட்டில் ஒரே ஓர் ஆளின் வாசனையைப் பூட்டி வைத்திருந்தாள். வேலை விட்டு வந்ததும் உறையைக் கொஞ்சமாகத் திறப்பாள். இயந்திர எண்ணெயும் சவர சோப்பும் வெயிலும் கலந்த வாசனை. உடனே மூடிவிடுவாள். தீர்ந்துவிடக் கூடாதே.

மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் சில நாளில் போய்விட்டது. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

"கொடுத்து வெச்சவ அக்கா நீ," என்றாள் இஸ்திரி போடுகிறவள். "இந்தப் பந்து விளையாடற பசங்க மூட்டையைப் பிரிச்சா எனக்குக் குடலே வெளிய வருது. நீ என்னமோ பூக்கூடையைப் பிரிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்க."

மூக்கக்காவும் சிரித்தாள். வீட்டில் உறையைத் திறந்தபோது சிரிப்பு வரவில்லை. சட்டை இருந்தது, அவன் இல்லை. சட்டையிலிருந்து போய்விட்டானா, தன் மூக்குக்குத்தான் எட்டவில்லையா என்று கண்டுபிடிக்க வழியில்லை.

மருத்துவர் நான்கு குப்பிகளைத் தயார் செய்யச் சொன்னார். காப்பித்தூள், எலுமிச்சைத் தோல், கிராம்பு, சோப்பு. தினமும் காலையில் கண்ணை மூடி உட்கார வேண்டும். ஒவ்வொன்றாக மூக்கருகே வைத்து, மெதுவாக மூச்சை இழுத்து, அந்த வாசனையை மட்டுமே நினைக்க வேண்டும். நினைப்பு வேறெங்காவது ஓடினால், சண்டை போடாமல் திரும்பக் கூட்டி வர வேண்டும்.

"தியானம் ஆரம்பிச்சாச்சா? அடுப்பை யார் பாக்கறது, அந்தக் கடவுளா?" என்று மாமியார் சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்.

"நீங்கதான் அத்தை. நான் சாமியாராகி நாளாச்சு."

நினைப்பு முதலில் கப்பலுக்குத்தான் ஓடியது. கூட்டி வருவாள், மறுபடி ஓடும். வாரங்கள் போகப் போக, அது ஓடாமல் நின்ற நேரங்களில் வேறு எதெல்லாமோ வந்து உட்கார்ந்தன. குப்பியின் குளிர்ச்சி. தண்ணீர் கொதிக்கும் முன் பாத்திரம் போடும் முனகல். கடையிலும் அது தொடர்ந்தது. ஈரப் போர்வை தோளில் சரியும் கனம், உலர்த்தியிலிருந்து எடுத்த துண்டு கன்னத்தில் படும் சூடு. ஒருநாள் துவைக்கும் இயந்திரத்தின் கண்ணாடியில் காதை வைத்துக்கொண்டு, "இங்க வாடி, பட்டனெல்லாம் என்னமா சலசலன்னு பேசுது கேளு," என்று இஸ்திரிக்காரியைக் கூப்பிட்டாள். அத்தனை வருடம் அங்கேயே நின்றும் அதைக் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்ல அவன் பக்கத்தில் இல்லையே என்பதும் கூடவே இருந்தது.

ஒரு மாலை கூச்சத்தை விட்டு மாமியாரிடம் சட்டையை நீட்டினாள். "இதுல ஏதாவது வாசனை வருதா அத்தை?"

மாமியார் வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். தேவைக்கு மேல் நேரம் வைத்திருந்தாள். "எனக்கே சளி பிடிச்சிருக்கு, என்னப் போய்க் கேக்கறியே," என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, முகத்தைக் காட்டாமல் அடுப்பு மேடையைத் துடைக்கப் போனாள். அவளுக்குச் சளியெல்லாம் எதுவும் இல்லை.

கடைசியில் மூக்கைத் திருப்பிக் கொண்டுவந்தது யாரோ ஒரு பந்தாட்டக்காரனின் காலுறை. பழக்க தோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றுவிட்டாள். "நாறுதுடி! ஐயோ, என்னமா நாறுது!" கண்ணில் தண்ணீர் வழிய வழிய மறுபடியும் முகர்ந்தாள்.

"சுத்தமா முத்திப்போச்சு," என்று இஸ்திரிக்காரி இடுப்பில் கை வைத்தாள்.

அன்று வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றியதும் உறையைத் திறந்தாள். பிளாஸ்டிக் வாசனை வந்தது. அலமாரி மரத்தின் வாசனை வந்தது. கண்ணை மூடி, பொறுமையாக, மறுபடி இழுத்தாள். அவ்வளவுதான்.

'மூக்கு வந்துட்டுது. சட்டையிலதான் நீங்க இல்ல' என்று கணவனுக்குச் செய்தி அனுப்பினாள். கப்பல் நடுக்கடலில் இருந்தது.

மழை முழுக்க ஓய்ந்து, வெயில் ஏறி, குடையை உள்ளே எடுத்து வைத்த பிறகுதான் பதில் வந்தது. குரல் செய்தி. மாமியாரும் கேட்கட்டும் என்று கைப்பேசியின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

"நீ அனுப்பினது இப்பத்தான் கெடைச்சுது. அந்தச் சட்டையத் துவைச்சுப் போடு. அடுத்த மாசம் எறங்கறேன். கப்பல்லேர்ந்து எறங்கி வீடு வந்து சேர்ற வரைக்கும் குளிக்க மாட்டேன், போதுமா? அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத."

"கருமம்," என்றாள் மாமியார். சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து போய் ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து வந்து வைத்தாள்.

மூக்கக்கா சட்டையை மடியில் விரித்துக்கொண்டாள். தொழில் வழக்கப்படி முதலில் பையைத் தடவிப் பார்த்தாள். பிறகு பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், கழற்றத் தொடங்கினாள்.