நகரும் வரைதான் கஷ்டம்

ஞாயிற்றுக்கிழமை காலை, பால் காய்ந்துகொண்டிருந்தபோது எஸ்தர் டீச்சரின் தம்பி போன் செய்தார். "அக்கா தூக்கத்துலயே போய்ட்டாங்க டீச்சர்" என்றார். வெள்ளிக்கிழமை என்னோடு பஸ்ஸில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவர். அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை.

ஆலங்காயம் பள்ளியில் அவர் அறிவியல், நான் தமிழ். வாணியம்பாடியிலிருந்து நாங்கள் போய்வந்த பஸ்ஸை, எங்களிடம் படித்த உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். தொண்ணூறுகளில் அது பாதி நாள் தானாகக் கிளம்பாது. ஆண்கள் இறங்கி நின்று டிரைவரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். எஸ்தர் டீச்சர் முந்தானையைச் செருகிக்கொண்டு பின்னால் போய்க் கை வைத்துவிடுவார். "நகர்ற வரைக்கும்தான் ஜாஸ்தி பலம் வேணும். நகர்ந்துட்டா கம்மி போதும். வாங்க டீச்சர்" என்பார். நானும் தள்ளுவேன், வேறு வழி?

வகுப்பிலும் அப்படித்தான். பிள்ளைகளின் அம்மாக்களில் பாதிப் பேருக்கு ஷூ கம்பெனியில் வேலை. அவர்களிடம் தோல் துண்டுகள் கேட்டு வாங்கி, சாய்த்த பலகையில் வைப்பார். வழவழப்பான பக்கம் கீழே இருந்தால் சர்ரென்று வழுக்கும். திருப்பி வைத்தால் சொரசொரப்பு பிடித்துக்கொண்டு நிற்கும். உராய்வுக்கு அதைவிட என்ன பாடம் வேண்டும்? வாசம்தான் ஸ்டாஃப் ரூம் வரை வரும். "உங்க பாடத்துக்கு மூக்கப் பிடிச்சிக்கினு வரணும்" என்று கேலி செய்வேன்.

என் கணவர் இறந்தபோது, வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று படுத்துவிட்டேன். வந்தவர்களெல்லாம் ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்கள். எஸ்தர் டீச்சர் மட்டும் ஒரு காலையில் வந்து, பீரோவிலிருந்து ஒரு புடவையை எடுத்துக் கட்டிலில் போட்டார். "இன்னிக்கு பஸ் ஏறுங்க, போதும். நாளைக்கு கதைய நாளைக்கு பாத்துக்கலாம்" என்றார். ஏறினேன். இத்தனை வருடமும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்த ஞாயிறு மாலை கல்லறைத் தோட்டத்து வாசலில், முந்தின இரவு பெய்த மழையில், எஸ்தர் டீச்சரின் சவப்பெட்டி ஏற்றிய வண்டியின் சக்கரம் சேற்றில் சிக்கிக்கொண்டது. ஆண்கள் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நான் முந்தானையைச் செருகிக்கொண்டு பின்னால் போய்க் கை வைத்தேன். மற்ற டீச்சர்களும் வந்தார்கள். மூச்சைப் பிடித்துத் தள்ளினோம்; அசைந்தது. அதற்குப் பிறகு இறக்கம். வண்டி லேசாகி, தானாகவே போகத் தொடங்கியது. அப்போதுதான் எனக்குத் தாங்கவில்லை. தள்ளிய கைகளாலேயே வண்டியைப் பிடித்து இழுத்தேன். "விடுங்க டீச்சர்" என்று தம்பி அழுதார்.

எஸ்தர் டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த முதல் தள்ளுதான். மறுநாள் காலை புடவையை நானே எடுத்துக் கட்டிலில் போட்டேன். பஸ் ஏறி, அவருடைய ஜன்னலோர இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இப்போது ஓடுவது புது பஸ். சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிட்டது. கிளம்பாமல் இருந்திருக்கலாம்.