முட்டைப் பூச்சு பூசிய தொட்டி

பர்மாவின் மௌல்மீன் நகரில் ஒரு மரக்கம்பெனி மேலாளரின் வீட்டுப் பின்புறம் பார்த்த நீச்சல் தொட்டியை மறக்காமல் வந்து, திருமயத்துக்குப் பக்கத்தில் தம் வீட்டுப் பின்கட்டுக்கு அப்பால் அதுபோல் ஒன்று கட்டினார் முருகப்பன் செட்டியார். ஆடம்பரம் காரணமல்ல. அங்கே அவருடைய வட்டிக்கடை கைவிட்டுப் போய்விட்டது. கண்மாயில் குளிக்கப் போனால் எல்லோரும் அதையே விசாரித்தார்கள். யாரும் கேள்வி கேட்காத தண்ணீர் அவருக்கு வேண்டியிருந்தது.

கட்டிய 1950-லிருந்தே அது கசிந்தது. தொட்டியை நிரப்ப, வேலையாள் இருளாண்டி மாடு பூட்டி இரண்டு நாள் கிணற்றிலிருந்து இறைக்க வேண்டும். அவன் கூலி, மாட்டுக்குப் பருத்திக்கொட்டை, பாசி தேய்க்க ஆள், புதுக்கோட்டையிலிருந்து பிளீச்சிங் பவுடர், வருஷத்துக்கு இருமுறை சிமெண்ட். நிரப்பிய நான்காம் நாள் தண்ணீர் ஒரு முழம் இறங்கியிருக்கும். செட்டியார் உள்சுவரில் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, பாதிச் சாப்பாட்டில் எச்சில் கையோடு எழுந்து போய்ப் பார்ப்பார். குளித்த நேரத்தைவிட வெடிப்பைத் தேடிய நேரமே அதிகம்.

1957 பங்குனியில் அவர் மனைவி சாலா ஆச்சி சொல்லிவிட்டாள்: "இந்தப் பூச்சுதான் கடைசி. இதுக்கும் கசிஞ்சா மண்ணள்ளிப் போட்டு வாழை வச்சுருவேன். சம்மதமா?"

"சம்மதம்."

சிமெண்டை இனி நம்பாமல், வீட்டுச் சுவர்களைக் கண்ணாடிபோல் ஆக்கிய கொத்தனார் அய்யாக்கண்ணுவையே அழைத்தார். சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், ஐநூறு முட்டையின் வெள்ளைக்கரு.

"ஆச்சி, இந்தத் தெருப்பக்கம் வரவே கோழியெல்லாம் பயப்படுது" என்றான் இருளாண்டி.

"மஞ்சக்கருவை எல்லாம் தின்னது நீ. ஒனக்குப் பேச்சு வராம என்ன செய்யும்?"

தரை, படி, சுவர் எல்லாவற்றையும் அய்யாக்கண்ணு கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றினார். காய்ந்தபின் நிரப்பினார்கள். ஒன்பதாம் நாளும் தண்ணீர் கோட்டிலேயே நின்றது. அன்று செட்டியார் பதினொரு முறை போய்ப் பார்த்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை. தேட ஒன்றும் அகப்படாத எரிச்சல்தான் இருந்தது. கடைசியில் இறங்கினார். முதல் படியிலேயே கால் வழுக்கி உள்ளே போய்விட்டார். எங்கே கைவைத்தாலும் பிடிமானமில்லை. இருளாண்டி கிணற்று வடத்தை வீசி இழுத்துப் போட்டான்.

"படியை மட்டும் கொத்தி விடுறேன், கால் நிக்கும். ஆனா மறுபடி கசியும், செட்டியாரே. பழைய பூச்சைப் பேத்தப்பதான் பாத்தேன், முன்னாடியும் அந்தப் படி வழியாத்தான் போயிருக்கு" என்றார் அய்யாக்கண்ணு.

செட்டியார் தொட்டியை மூன்று முறை சுற்றி வந்தார். ஆச்சியோடு பேசிய பேச்சு அவருக்கு நினைவிருந்தது.

"பாத்துக்கிட்டே இருக்கவா இவ்வளவு செலவு? கொத்துங்க."

கொத்தி, மறுபடி நிரப்பிய பிறகு நான்கு நாள் காலையும் மாலையும் மிதந்தார். அந்த நான்கு நாளும் பென்சில் கோட்டை அவர் பார்க்கவில்லை, ஆச்சி பார்த்தாள். மூன்று விரற்கடை இறங்கியிருந்தது.

ஐந்தாம் நாள் மதியம், சாப்பாட்டின் நடுவில் ஏதோ சத்தம் கேட்டு எழுந்து வந்தார். இருளாண்டி எட்டு வாழைக்கன்றுகளைக் கரையில் இறக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஆச்சி நின்றாள். செட்டியார் கன்றுகளையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன வாழைடா?"

"பூவனுங்க."

"ஆறடிக்கு ஒண்ணு வைக்கணும். இங்கிட்டு எட்டு கொள்ளாதே." இடது கையால் பென்சிலை எடுத்துக்கொண்டு, கன்றுக்குக் குறி போடச் சுவரோரம் குனிந்தார்.

"மொதல்ல சாப்பிட்டுக் கையக் கழுவுங்க" என்றாள் ஆச்சி.