ஹெட்போன் அக்காவும் பிடிக்காரரும்

ஈயம் பற்றவைக்கிற ராடு சூடாகிவிட்டதா என்று அக்கா அதைக் கன்னத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பார்க்கிறார். தொட மாட்டார். ஒரு சாண் தள்ளி நிறுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். இன்னும் இரண்டு நிமிஷம் ஆகும் என்று தனக்குத்தானே முனகிவிட்டு, அதன் ஸ்பிரிங் கூட்டுக்குள் திரும்பச் செருகுவார். எதிர்க்கடையில் ஜெராக்ஸ் எடுக்கும் நான் பதினாறு வருஷமாக இதைப் பார்த்துப் பார்த்து, என் மெஷின் சூடாகும்வரை கண்ணை மூடப் பழகிவிட்டேன். என் மனைவி அதற்குத் தூக்கம் என்று பெயர் வைத்திருக்கிறாள்.

தெருவில் அவரை ஹெட்போன் அக்கா என்பார்கள். ஹெட்போன், ரேடியோ, பொம்மை ரயில், காது மெஷின், எதைக் கொண்டுபோனாலும் முதலில் ஒரு தடவு தடவிக்கொடுப்பார். என்ன ஆச்சு உனக்கு என்று விசாரிப்பதும் அதைத்தான். முந்திக்கொண்டு நாம் பதில் சொன்னால், "இருங்க, அதுவே சொல்லட்டும்" என்று நம் வாயை அடைத்துவிடுவார். கடை ஒரு கட்டில் அகலம்தான். ஒரு மேஜை, ஒரு விளக்கு, இரண்டு நாற்காலி. ஈயம் ஒட்டுவதற்காகத் தடவுகிற பேஸ்ட் உருகிக் கிளம்பும் புகை விளக்கு வெளிச்சத்தில் மெதுவாக ஏறி, அங்கேயே கொஞ்ச நேரம் யோசித்து நின்றுவிட்டு, வாசல் வழியாக என் கடைக்கு வந்து சேரும். மத்தியானத்தில் அந்த வாசம் வந்தால் போதும், கையில் இருப்பது எத்தனையாவது பிரதி என்பதே எனக்கு மறந்துபோகும்.

இரண்டாவது நாற்காலி அக்காவின் வீட்டுக்காரருடையது. ஈயம் வைத்துப் பற்றவைக்கிற வேலைக்குக் கடவுள் கொடுத்த இரண்டு கை பற்றாது. வலது கையில் ராடு, இடது கையில் ஈயக்கம்பி என்றால், சேர்க்க வேண்டிய இரண்டு ஒயரையும் யார் பிடிப்பது? அவர்தான் பிடிப்பார். கைக்கு ஒரு இடுக்கி, இடுக்கி நுனியில் முடி மாதிரி ஒயர். அக்கா "ம்" என்றதும் மூச்சை அடக்கிக்கொள்வார். ஈயம் உருகிப் பளபளத்து இறுகும்வரை அசையக் கூடாது. இறுகியதும் அக்கா "போதும்" என்பார். இரண்டு பேரும் சேர்ந்து மூச்சு விடுவார்கள். இந்த ஒரு வேலைக்காகவே தெரு அவருக்குப் பிடிக்காரர் என்று பட்டம் கட்டியிருந்தது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை சேர்ந்து மூச்சுவிடுகிற புருஷன் பெண்டாட்டியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பொறாமைதான்.

போன வருஷம் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. அவருக்கே தெரியுமுன் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. ஈயம் இறுகுகிற நேரத்தில் ஒயர் ஒரு இழை அசைந்தாலும் பளபளப்பு செத்து, பற்றவைத்த இடம் சாம்பல் பூத்துவிடும். பார்வைக்கு ஒட்டினது மாதிரி இருக்கும். நாலே நாளில் விட்டுவிடும். அவர் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து, சாம்பல் பூத்ததையெல்லாம் அக்கா உருக்கி எடுப்பார். ஒயரை டேப் ஒட்டி நிறுத்தி, தனியாளாக மறுபடி பற்றவைப்பார். ஒருநாள் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். நானும் மூச்சுவிடவில்லை.

அப்படியும் ஒன்று கண்ணுக்குத் தப்பிவிட்டது. ஒரு டீச்சரம்மாவின் காது மெஷின் வகுப்பு நடக்கும்போதே நின்றுபோக, மறுநாள் அவரே அக்காவின் கடை வாசலில் வந்து நின்றார். சண்டை போடவில்லை. பிள்ளைகள் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்களாம், வாய் அசைந்தது மட்டும் தெரிந்ததாம். மெஷினை வாங்கித் திறந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தது பிடிக்காரர். வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

அடுத்த வாரம் அக்கா ஒரு ஸ்டாண்ட் வாங்கி வந்தார். கனமான இரும்பு அடி, சொன்ன பக்கம் வளைகிற இரண்டு கை, ஒவ்வொரு கை நுனியிலும் பல் வைத்த கிளிப். பல் ஒயரைக் கடித்துவிடக் கூடாது என்று கிளிப்புகளுக்கு ரப்பர் குழாய் மாட்டினார். பிடிக்காரர் தலையைச் சாய்த்துச் சாய்த்து அதைப் பார்த்தார். "நல்லாத்தான் பிடிக்குது. மூச்சு வாங்காது, டீ கேக்காது. இனிமே நான் எதுக்கு?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மறுநாள் கடைக்கு வரவில்லை.

பதினோரு நாள் வரவில்லை. மனசு கேட்காமல் நானே வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, திரைச்சீலை காற்றில் உப்புவதையும் ஒட்டுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்து உட்கார்ந்ததைக் கவனிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. கடைக்கு வாங்களேன் என்றேன். "வந்து என்னத்த செய்ய? கையக் கட்டிட்டு உக்காரவா? கட்டினாலும் அது சும்மா இருக்க மாட்டேங்குதே" என்றார். இரண்டு பேரும் திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடையில் ஸ்டாண்ட் கச்சிதமாகப் பிடித்தது. ஒன்றுகூடச் சாம்பல் பூக்கவில்லை. டீச்சரம்மாவின் மெஷினும் சரியாகிப் போய்விட்டது. ஆனால் அக்கா அந்த இரும்பிடம் "ம்" என்று சொல்வதும், கொஞ்சம் பொறுத்து "போதும்" என்று சொல்வதும் தெருவைத் தாண்டி எனக்குக் கேட்கும். "வேலை ஓடுது தம்பி, பொழுதுதான் ஓட மாட்டேங்குது" என்றார் ஒருநாள், நான் கேட்காமலே.

பன்னிரண்டாம் நாள் காலையில் ஒரு பழைய மேஜைவிளக்கின் வளைகிற கழுத்தை அறுத்தெடுத்து, ஸ்டாண்டில் மூன்றாவது கையாகத் திருகினார். அதன் நுனியிலும் ஒரு கிளிப். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார். அங்கே என்ன சொன்னாரோ, என்ன கெஞ்சினாரோ, திரும்பி வரும்போது பிடிக்காரரும் கூடவே வந்தார். தன் நாற்காலியிலேயே விருந்தாளி மாதிரி நுனியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டார். இதற்குமேல் என் கடையில் எனக்கு என்ன வேலை? வாசலில் வந்து நின்றுகொண்டேன்.

பிடிக்காரர் ஸ்டாண்டையே பார்த்தார். "ரெண்டு ஒயருக்கு மூணு கிளிப் எதுக்கு?" என்று கேட்டார்.

அக்கா முதல் கிளிப்பில் ஒரு ஒயரைச் செருகினார், இரண்டாவதில் இன்னொன்று. மூன்றாவதில் ஈயக்கம்பியை மாட்டி, அதன் முனை இரண்டு ஒயரும் சேருகிற இடத்தைத் தொடும்படி வளைத்துவைத்தார். வலது கையில் ராடை எடுத்துக்கொண்டார். இடது கையை நீட்டி, கக்கத்துக்குள் நடுங்கிக்கொண்டிருந்த அவர் கையை வெளியே இழுத்து, தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.