எர்மிந்தா இரவல் வாங்கிய பேட்டரிகள்

ரங்கில்கோ பள்ளத்தாக்கில் யார் வீட்டுப் பசு சினையாக இருக்கிறது, எந்த மருமகள் எந்த மாமியாரோடு பேசுவதில்லை, போன கோடையில் வந்த மாட்டு வியாபாரி யார் வீட்டில் ராத்தங்கினான் என்பதெல்லாம் எர்மிந்தாவுக்குத் தெரியும். ஆனால் அவளிடம் போய்க் கேட்டால் ஒன்றும் பெயராது. கேட்பாள், கேட்டதை உள்ளே போட்டுப் பூட்டிக்கொள்வாள். காது பெரிசு, வாய் சிறிசு என்று அவள் புருஷன் பெலார்மினோ சொல்லிக் காட்டுவான்.

அந்த வாய் எப்போதும் சிறிதாக இருந்ததில்லை. இளம் வயதில் அவள் வாயைத் திறந்தால் மூடுவதற்கு ஆள் தேட வேண்டும். ஒரு இலையுதிர் காலத்தில், எல்லாக் குடும்பங்களும் மேட்டுக் காட்டில் கூடாரம் போட்டுப் பெவென் மரத்துக் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தபோது, அவளுடைய தங்கை ஒத்தீலியா காதோடு காதாக ஒரு ரகசியம் சொன்னாள். தானும் சொபானோரும் பனி உருகியதும் மலையைத் தாண்டி அர்ஜென்டினா பக்கம் போய்க் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாக. சொபானோரின் அப்பாவுக்கும் இவர்கள் அப்பாவுக்கும் மேய்ச்சல் நிலத் தகராறு. ஒருவர் நிழலை ஒருவர் மிதிக்க மாட்டார்கள். எர்மிந்தா அந்த ரகசியத்தை அன்று மதியம் வரை தாக்குப்பிடித்தாள். பிறகு ஒரே ஒருத்தியிடம் சொன்னாள், யாரிடமும் சொல்லாதே என்ற பந்தோபஸ்தோடு. சாயங்காலம் அப்பா பெல்ட்டைக் கழற்றிவிட்டார்.

பாதை பனியில் மூடுவதற்குள் ஒத்தீலியாவை ஒரு மாமாவோடு குதிரையில் ஏற்றி மலைக்கு அந்தப் பக்கம் சபாலா நகரத்துக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது அவள் அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் ரயில்வேக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டதாகத் தகவல் வந்தது. அக்காவுக்கு என்று ஒரு வார்த்தையும் வந்ததில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்றையிலிருந்து எர்மிந்தா வாயைக் கட்டினாள். காதைக் கட்டத்தான் முடியவில்லை.

சொபானோர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. எர்மிந்தாவின் வீட்டுக்கு மேலே, காட்டு விளிம்பில் இரண்டு குதிரையும் கொஞ்சம் ஆடுமாகத் தனியாக இருந்தான். கேட்டதைக் கொடுப்பான், கேட்காததைப் பேச மாட்டான். எர்மிந்தாவை அக்கா என்றோ அம்மா என்றோ எந்த முறை வைத்தும் கூப்பிட மாட்டான். நேரே விஷயத்துக்கு வந்துவிடுவான். நடந்ததைப் பற்றி அவனும் கேட்டதில்லை, இவளும் சொன்னதில்லை.

ரங்கில்கோவை யாரும் கண்டுகொள்வதில்லை என்பது ஊருக்குப் பழகிப்போன விஷயம். வானிலை அறிக்கையில் கடற்கரை வரும், தலைநகரம் வரும், அடிவாரத்து ஊர்கள்கூட வரும். இங்கே ஜன்னலை மூடிக் கொட்டும் வருஷத்திலும் மலைப்பகுதியில் லேசான பனிப்பொழிவு என்று வாசித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஓட்டுக் கேட்கிறவர்கள் கோடையில்தான் வருவார்கள். பனி தள்ளும் வண்டி பாலம் வரைக்கும் வந்து திரும்பிவிடும். அதற்கு அப்பால் ரோடு இருப்பதாக அதன் டிரைவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

குளிர்காலத்தில் வெளியுலகத்தோடு உள்ள ஒரே தொடர்பு ரேடியோதான். சாயங்காலம் டவுன் நிலையத்தில் சேதி வாசிப்பார்கள். ஆஸ்பத்திரியில் இருப்பவர், வேலைக்குப் போனவர், சந்தைக்குப் போய் மாட்டிக்கொண்டவர் எல்லாரும் நிலையத்து ஜன்னலில் சொல்லிவிட்டுப் போவதை அறிவிப்பாளர் ஒரே குரலில் வாசிப்பார். இன்னாருக்கு ஆபரேஷன் முடிந்தது, கஞ்சி குடித்தார், கம்பளிக் காலுறை அனுப்பவும். இன்னார் பசுவை விற்க வேண்டாம், நான் வந்து பேசிக்கொள்கிறேன். பெயர் ஒருவருக்கு, சேதி பள்ளத்தாக்குக்கே. எர்மிந்தாவுக்கு அந்த நேரத்தில் வீட்டில் ஈ பறந்தால்கூடப் பிடிக்காது.

அந்த வருஷம் முதல் பெரும்பனிக்குச் சற்று முன்னால் அவளுடைய பேட்டரிகள் உயிரை விட்டன. கடைக்கு யாராவது போகும்வரைக்கும் என்று சொல்லி, மேலே போய்ச் சொபானோரின் ரேடியோவிலிருந்து நாலு தடி பேட்டரியையும் இரவல் வாங்கி வந்தாள். அவனும் மறுபேச்சில்லாமல் உருவிக் கொடுத்தான். பிறகு கொட்டத் தொடங்கியது பாருங்கள், கடையும் போச்சு, வழியும் போச்சு. பெவென் மரங்களின் கிளைகள் பாரம் தாங்காமல் தொப்தொப்பென்று பனியைக் கொட்டின. கதவைத் திறக்க உள்ளிருந்தே மண்வெட்டி வேண்டியிருந்தது.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவள் கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். பெலார்மினோ வலிக்கிற முட்டியை அடுப்புக்குக் காட்டியபடி மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தான். அறிவிப்பாளர் வாசித்தார்: “ரங்கில்கோ மேட்டில் வசிக்கும் சொபானோர் கல்பானுக்கு. நீங்கள் எதிர்பார்க்கும் நபர் நாளை மதியம் பனி தள்ளும் வண்டியில் பாலத்துக்கு வந்து இறங்குவார். இரண்டு குதிரைகளோடு வரவும்.”

எர்மிந்தாவின் கையிலிருந்த கொட்டை உருண்டு அடுப்படிக்குப் போனது. சொபானோருக்கு ஒரு ஆளா? ஆணா பெண்ணா? எங்கிருந்து? கோடையில் மாட்டு வியாபாரி அவன் வீட்டுக்கு இரண்டு முறை ஏறிப்போனான், அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? தனக்குத் தெரியாமல் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு காரியம் நடந்திருக்கிறது என்பதே அவளுக்கு மானக்கேடாக இருந்தது.

“ஏன் ரெண்டு குதிரை?” என்றாள்.

“வர்ற ஆளு குண்டா இருக்கும்” என்றான் பெலார்மினோ.

அவள் சிரிக்க வாயெடுத்தாள், சிரிப்பு வரவில்லை. கண் ரேடியோமேல் நின்றுவிட்டது. அதற்குள் இருப்பது சொபானோருடைய பேட்டரி. அவன் வீட்டு ரேடியோ வெறும் பெட்டி.

அவள் முகம் போன போக்கைப் பார்த்துப் பெலார்மினோ, ஊரே கேட்டிருக்கும், யாராவது அவனிடம் சொல்லிவிடுவார்கள் என்றான். யாரும் சொல்ல மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவனே கேட்டிருப்பான் என்றுதான் ஊரே நினைத்துக்கொண்டிருக்கும். அவனிடம் பேட்டரி இல்லாதது இந்த வீட்டைத் தாண்டினால் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவனோ சேதியைக் கேட்கவில்லை. வண்டிக்காரன் ஆளை இறக்கிவிட்டு இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று திரும்பிவிடுவான். பாலத்தடியில் ஒரு குடிசைகூடக் கிடையாது. வருகிற ஆள் யாராக இருந்தாலும் சாயங்காலக் குளிரில் விறைத்துப்போகும்.

விடிந்ததும் அவள் பேட்டரிகளைக் கழற்றிக் குளிரில் செத்துப்போகாதபடி உள்சட்டைக்குள் சொருகிக்கொண்டாள். மூங்கிலை வளைத்து மாட்டுத்தோல் வார் பின்னிய பனிச்செருப்பைக் கட்டினாள். புருஷன் முட்டியைக் காட்டி, தானும் வந்திருப்பேன் என்றான். மேட்டுப் பாதை என்று ஒன்று இல்லவே இல்லை. எந்த மரம் எங்கே நிற்கிறது என்ற ஞாபகத்தில்தான் ஏறினாள். நின்று நின்று மூச்சு வாங்கினாள். நின்ற இடத்திலெல்லாம், யாராக இருக்கும் என்ற கேள்வி அவளைப் பிடித்து மேலே இழுத்தது. உண்மையைச் சொன்னால் பாவத்துக்குப் பயந்தது பாதி, இது பாதி.

சொபானோர் கூரைமேல் நின்று பனி தள்ளிக்கொண்டிருந்தான். அவள் கீழே நின்றபடியே சேதியை வார்த்தை பிசகாமல் ஒப்பித்தாள். அவன் மண்வெட்டியை மடியில் வைத்துக் கூரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“இன்னொரு தடவ சொல்லுங்க.”

சொன்னாள்.

“இப்பவேவா? இந்தப் பனியிலயா?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, வயதுக்கு மீறின வேகத்தில் ஏணியில் இறங்கினான்.

அவன் லாயத்துக்கு ஓடிய நேரத்தில் எர்மிந்தா குளிர்காயும் சாக்கில் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒற்றைநாற்காலிக்காரன் வீட்டில் இப்போது இரண்டு நாற்காலி. இரண்டாவது புதிது, இழைத்த மரவாசனை இன்னும் போகவில்லை. ஜன்னலுக்குத் திரைச்சீலை. அடுப்பு துடைத்து மினுங்கியது. பெண்தான், சந்தேகமில்லை. டவுன்காரியா, ஏரிப் பக்கத்து விதவையா என்று மனதுக்குள் ஒவ்வொருத்தியாக நிறுத்தி வைத்துப் பார்த்தாள். ஒருத்தியும் அந்த நாற்காலிக்குப் பொருந்தவில்லை.

இறங்கும்போது அவள் முன்னால் மிதித்துப் பாதை போட, அவன் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தான். கொஞ்சம் போனதும் அவன் மிதித்தான், அவள் பிடித்தாள். குதிரைகள் வயிறுவரைக்கும் புதைந்து மூச்சிரைத்தன. யார் என்று ஒரு தடவை கேட்டாள். சேணவார் இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள் என்றான். எங்கிருந்து என்று கேட்டாள். அந்தப் பக்கம் பள்ளம், பார்த்து என்றான். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அவள் வீட்டுக்கு வரவே வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. பாலத்துக்கு இன்னும் அதைப்போல நான்கு மடங்கு தூரம், அதிலும் நடுவில் காற்று பனியைக் கொண்டுவந்து கொட்டும் பெரிய பள்ளம். இரண்டு பேர் மிதித்து அதைக் கடப்பது நடக்காத காரியம். சொபானோர் நின்றுவிட்டான். அவன் வாய் கோணிக்கொண்டு போனதை எர்மிந்தா பார்த்தாள். ஒரு தடவை இவன் வாழ்க்கையைப் பேசிக் கெடுத்தேன், இந்தத் தடவை பேசாமலே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தாள்.

அப்போதுதான் கவனித்தாள், வீட்டில் புகை இல்லை. கதவு சாத்தியிருந்தது. வாசலிலிருந்து பள்ளத்தாக்குப் பக்கமாகக் காலடிகள் போயின, கூடவே கைத்தடி குத்திய ஓட்டைகள். முட்டிவலிக்காரன் வீட்டில் இல்லை.

காலடிகளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அடுத்த வீட்டு முனையில் இன்னும் இரண்டு ஜோடி சேர்ந்தது, அதற்கடுத்ததில் ஒரு குதிரை. இன்னும் கீழே இருந்த துமித்திலா வீட்டைத் தாண்டியபோது பாதை மந்தை போன வழி மாதிரி அகலமாக மிதிபட்டுக் கிடந்தது. பெரிய பள்ளத்தில் மண்வெட்டியால் ஓரம் வெட்டிக்கூட விட்டிருந்தார்கள். ஊரே பாலத்துக்குப் போயிருக்கிறது. சொபானோருக்கு வருகிற ஆளைப் பார்க்காமல் இந்தக் குளிர்காலத்தை எப்படி ஓட்டுவது? சொபானோர் குதிரையில் ஏறினான், எர்மிந்தாவையும் மற்றதில் ஏறச் சொன்னான்.

பாலத்தருகே ஆளாளுக்கு ஒரு சாக்கு வைத்திருந்தார்கள். துமித்திலா தொலைந்த பசுவைத் தேடி வந்தாளாம். அவள் தம்பி பாலம் நிற்கிறதா என்று பார்க்க வந்தானாம். பெலார்மினோ, நடந்தால் முட்டிக்கு நல்லது என்று யாரோ சொன்னதாகச் சொன்னான். வண்டி வந்து போய்விட்டிருந்தது. ஆனால் நெருப்பு மூட்டியிருந்தார்கள். அதன் பக்கத்தில் ஒரு தகரப்பெட்டிமேல், யாருடைய கம்பளியையோ போர்த்திக்கொண்டு, கையில் மாத்தேயோடு ஒரு நரைத்த பெண் உட்கார்ந்திருந்தாள். வழக்கமாக ஒரே இரைச்சலாக இருக்கும் கூட்டம் குதிரைகளுக்கு வழிவிட்டு ஒதுங்கியது.

ஒரு பாதத்தின்மேல் மற்றப் பாதத்தை வைத்திருந்தாள் அவள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் உட்காருவாள். எர்மிந்தா கடிவாளத்தைப் பிடித்தபடி குதிரைமேலேயே இருந்துவிட்டாள்.

சொபானோர் போய் முன்னால் நின்றான். கோடையில் மாட்டு வியாபாரி மூலம் வந்த சேதியில் ரயில்வேக்காரன் இறந்துவிட்டான் என்பதும், வரும் குளிர்காலத்துப் பனி உருகியதும் வருகிறேன் என்பதும்தான் இருந்தது என்பது பிறகு ஊருக்குத் தெரியவந்தது.

“பனி உருகட்டும்னுதானே சொல்லியிருந்த” என்றான்.

“முன்னாடி ஒரு தடவ பனி உருகட்டும்னு காத்திருந்தோம்” என்றாள் ஒத்தீலியா. “அது போதும்.”

பெரியவர்கள் சிலர் எர்மிந்தாவைப் பார்த்தார்கள். அவள் எப்படியோ இறங்கி வந்து, எல்லார் முன்னாலும் உள்சட்டைக்குள் கைவிட்டு நாலு பேட்டரியையும் எடுத்துச் சொபானோரிடம் நீட்டினாள்.

“இது எங்கிட்ட இருந்ததாலதான் அவனுக்குக் கேக்கல” என்றாள். “நேரமாகிப்போனதுக்கு நான்தான் காரணம். அப்பவும் நான்தான்.”

“நீங்களே வெச்சுக்கங்க” என்றான் சொபானோர். “நான் கேக்க வேண்டியது வந்திருச்சு.”

ஒத்தீலியா அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள். துமித்திலா தன் பசுவைச் சுத்தமாக மறந்துவிட்டாள். பிறகு கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது.

“இவரு இப்படித்தான், கேட்டா எல்லாத்தையும் தூக்கிக் குடுத்துருவாரு. குடு அக்கா. எனக்கு ரேடியோ இல்லாம பொழுது போகாது.”

எர்மிந்தா கொடுத்தாள். உடம்புச் சூடு ஆறாத பேட்டரிகள் தங்கையின் உள்ளங்கைக்குப் போனதும் அவளுக்கு அழுகை வந்தது. ஊர் பார்க்கிறதே என்றெல்லாம் யோசிக்காமல் அழுதாள்.

அன்று சாயங்காலம் எர்மிந்தா வீட்டில் ரேடியோ பேசவில்லை. பெலார்மினோ முட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டு, யாருக்கு என்ன சேதியோ என்று புலம்பினான். அவள் கொட்டை உரித்தபடி ஜன்னல் வழியாக மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே சொபானோர் வீட்டுப் புகை நன்றாக வந்துகொண்டிருந்தது.

மறுநாள் மத்தியானமே பனிச்செருப்பைக் கட்டத் தொடங்கிவிட்டாள்.

“எங்க?” என்றான் பெலார்மினோ.

“என் தங்கச்சி வீட்டுக்கு” என்றாள் எர்மிந்தா. “சேதி கேக்க.”