முதல் பேஸ் இருந்த இடம்

போன ஞாயிறு சுதனின் புது வீட்டுக் குடிபூரலுக்கு ட்ருகனினா புறநகருக்குப் போயிருந்தேன். எங்கே வீடு வாங்கியிருக்கிறான் என்று பல தடவை சொன்னவன்தான். நான்தான் வழக்கம்போலக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காரை விட்டு இறங்கினால், கூரைகளுக்கு மேலே அந்த மின்கோபுரம் நிற்கிறது. ஒரு பக்கக் கம்பி சற்று வளைந்த அதே கோபுரம். கீழே நின்றால் கேட்கும் அதே இரைச்சல். எங்களுடைய பழைய பேஸ்போல் மைதானத்தில்தான் நிற்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

சிரிக்காதீர்கள். இந்தத் தொந்தியோடு நானும் பேஸ்போல் விளையாடியவன்தான். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நானும் சுதனும் பக்கத்தில் ஒரு வெயார்ஹவுஸில் பெட்டி அடுக்கினோம். எங்கள் சுப்பர்வைசர் கெவின், ஐம்பது தாண்டிய வெள்ளைக்காரர். லீக்கின் ஆகக் கடைசிப் பிரிவில் ஓர் அணியை இழுத்துப் பறித்து நடத்திக்கொண்டிருந்தார். ஒன்பது பேர் சேராவிட்டால் ஆட்டம் இல்லை. அவருக்கு ஒருநாளும் ஒன்பது பேர் சேர்ந்ததில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சுதன் தூரத்துக் குப்பைத்தொட்டிக்குள் தோடம்பழத் தோலைக் குறி தப்பாமல் எறிவதைக் கண்டுவிட்டார். மறுநாளே அவனுக்குச் சட்டை கொடுத்தார். சேலை எடுத்தால் கூடவே வரும் பை மாதிரி எனக்கும் ஒன்று கிடைத்தது.

கெவின் தன்னுடைய பழைய கையுறையையும் எனக்குத் தந்தார். தோல் காயாமல் எண்ணெய் பூசி வைக்கச் சொன்னார். என்ன எண்ணெய் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அறையில் இருந்தது நல்லெண்ணெய். தாராளமாகப் பூசி லொக்கரில் வைத்தேன். திங்கட்கிழமை பார்த்தால் வரிசை வரிசையாக எறும்பு. அந்த சீசன் முழுக்க நான் பந்து பிடித்தபோதெல்லாம் தோசை மணந்தது. இன்றைக்கும் தோசைக்கல்லில் எண்ணெய் விடும்போது எனக்கு அந்தப் புல்லும், கெவினின் கரகரத்த குரலும் ஞாபகம் வரும். மனைவிக்கு இது விளங்காது.

எங்களுக்கு ஒரு பழக்கம் மட்டும் லேசில் போகவில்லை. பேஸ்போலில் அடித்தவுடன் மட்டையைப் போட்டுவிட்டு முதல் பேஸுக்கு, நிலத்தில் பதித்த அந்தச் சதுர மெத்தைக்கு, ஓட வேண்டும். நாங்களோ ஒரே ஒரு கிரிக்கெட் மட்டையை வைத்து இருபது பேர் விளையாடி வளர்ந்தவர்கள். மட்டையை நிலத்தில் எறிய எப்படிக் கை வரும்? "போடு, போடு" என்று கெவின் ஒவ்வொரு சனியும் கத்துவார். மெல்ல மெல்லப் பழகினோம்.

வேலையில் நான் ஓர் அடையாள அட்டை. வாடகை வீட்டில் ஒரு கட்டில். அந்த மைதானத்தில் மட்டும்தான், நான் வராவிட்டால் எட்டுப் பேர் பேசாமல் வீட்டுக்குப் போக வேண்டும். என்னை எதிர்பார்த்து ஒரு மனிதர் மைதான வாசலில் நின்ற சனிக்கிழமைகள் அவை. அதற்காக இப்போதும் ஏங்குகிறேன், ஒளிக்க என்ன இருக்கிறது.

கடைசி ஆட்டத்துக்கு முன்பு கெவின் எங்களை இருத்திவைத்துச் சொன்னார்: இந்தமுறையும் கடைசி இடம் என்றால் கிளப்காரர் எங்கள் அணியைக் கலைத்துவிடுவார்கள். எங்கள் பிரிவில் ஆட்டம் சமனாகவும் முடியலாம்; அன்று தோற்காமல் இருந்தாலே போதும். கடைசி இன்னிங்ஸில் ஓர் ஓட்டம் பின்தங்கியிருந்தோம். இரண்டு பேர் அவுட். சுதன் மூன்றாவது பேஸில் நிற்கிறான். அடிக்க வந்தவன் நான். பந்து வருமுன் நான் முதல் பேஸைத் தொட்டால் சுதனின் ஓட்டம் சேரும், ஆட்டம் சமன், அணி பிழைக்கும்.

அடித்தேன். நல்ல அடிதான். ஓடினேன். பந்து எனக்குப் பின்னால் வருவது தெரிந்தது. பேஸ் கிட்ட வந்ததும் கையை நீட்டி, விழுந்து, மட்டையை அதன்மேல் தேய்த்தேன். பந்துக்கு முன்பே மட்டை தொட்டுவிட்டது. கிரிக்கெட் என்றால் நான் தப்பியிருப்பேன். பேஸ்போலில் உடம்பு தொட வேண்டும். என் கால் இன்னும் ஓர் அடி பின்னால் கிடந்தது. நடுவர் அவுட் என்று கைமுஷ்டியை மடக்கிக் காட்டினார்.

"மட்டையைப் போட்டிருக்கலாமேடா" என்றான் சுதன். கெவின் திட்டவில்லை. என்னைத் தூக்கி நிறுத்தி, காற்சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "அடுத்தமுறை காலை வை" என்றார். அடுத்தமுறை என்று ஒன்று வரவில்லை. அந்த மாதமே அணியைக் கலைத்தார்கள். கெவின் குயின்ஸ்லாந்து போனார். இரண்டு கிறிஸ்மஸுக்கு அட்டை வந்தது, பிறகு அதுவும் இல்லை.

குடிபூரலில் எல்லாரும் குசினியில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலால் கோபுரத்தைப் பார்த்து, முதல் பேஸ் எங்கே இருந்திருக்கும் என்று அடி அடியாக எண்ணி நடந்தேன். கணக்கு உடுப்புத் தோய்க்கிற லோன்றிக்குள் கொண்டுபோய் விட்டது. வோஷிங் மெசினுக்கு முன்னால், புது மாபிள் தரையில், வலது காலை அழுத்தி வைத்தேன்.

"என்ன மச்சான், இங்க வந்து நிக்கிறாய்? பாத்ரூம் அங்கால" என்று சுதன் வாசலில் நின்றான்.

"கால் வச்சுப் பாத்தனான்."

அவன் என் காலைப் பார்த்தான். ஜன்னலால் கோபுரத்தைப் பார்த்தான்.

"பாக்கிறதுக்குக் கெவின் இல்லையேடா" என்றான்.

பிறகு இருவரும் லைட்டை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம்.