திட்டுவதற்கென்று பஸ் ஏறி வந்தவர்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தின் கடைசி வாரம். ஏற்காடு மலையில் காபிப் பழம் பறிக்கத் தொடங்கியிருந்தார்கள். வாழவந்தியில், எங்கள் ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு நான் நடத்தும் சிறு தையல் கூடத்தில் இது நடந்தது.

பழம் பறிப்பவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் பைகள் அதுவரை வெளிநாட்டிலிருந்துதான் சேலத்துக்கு வந்துகொண்டிருந்தன. முந்தைய பருவத்தில் கப்பல் தாமதமாகி, பறிப்பு முடிந்த பிறகு சரக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நொந்துபோன சேலத்து வியாபாரி ஒருவர் எங்களிடம் ஒரு மாதிரிப் பையைக் கொடுத்து, முதலில் கொஞ்சம் தைத்துத் தரச் சொன்னார். சரியாக அமைந்தால் பருவம் முழுவதற்குமான ஆர்டர் எங்களுக்கு. இல்லையென்றால் மறுபடி கப்பல்தான். எங்கள் பெண்களில் பலர் திருப்பூர் விடுதிகளில் தங்கி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். ஆர்டர் கைநழுவினால் அவர்கள் மீண்டும் பெட்டி கட்ட வேண்டியிருக்கும்.

அந்தப் பயத்தில் மாதிரியை அச்சு அசலாகத் தைத்தோம். ஒரு தையல்கூட இம்மி பிசகவில்லை. பைகள் கொட்டச்சேட்டுப் பக்கம் ஓர் எஸ்டேட்டுக்குப் போயின. சனிக்கிழமை நேரில் வந்து முடிவு சொல்வதாக வியாபாரி கூறியிருந்தார்.

வியாழக்கிழமை மதியம் அந்த எஸ்டேட்டில் பழம் பறிக்கும் ஓர் அம்மா பஸ் பிடித்து வந்து இறங்கினார். நனைந்த பையைத் தையல் மேசைமேல் தொப்பென்று போட்டார்.

"ஏனுங்க, மலைலயே குடியிருந்துக்கிட்டு மழையை மறந்துட்டீங்களா?"

பையின் அடிப்பக்கத்தை மடித்து நாடாவால் முடிந்திருப்போம். பை நிறைந்ததும் முடிச்சை அவிழ்த்தால் பழம் சாக்கில் கொட்டும். தூறலில் நாடா ஊறி முடிச்சு இறுகிவிட்டது. குளிரில் விறைத்த விரலுக்கு அது அசையவே இல்லையாம்.

"பல்லுல கடிச்சு அவுக்கறனுங்க. எனக்கு இருக்கறதே நாலு பல்லு."

மாதிரிப் பையை எடுத்துக் காட்டி, இதிலும் அதே நாடாதானே என்றேன்.

"அதுலயும் இதே பாடுதானுங்க. ஆனா அவங்களைத் திட்டணும்னா கப்பல் ஏறோணும். உங்களைத் திட்ட பஸ் ஏறுனாப் போதும்."

கூடமே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மாதிரியை மாற்றினால் ஆர்டர் போகலாம். மாற்றாவிட்டால் இவர் பருவம் முழுக்கப் பல்லால் கடிக்க வேண்டும்.

"லீவு நாள்ல பழம் பறிக்கப் போறப்ப நாங்களும் இந்தப் பையைக் கட்டறவங்கதான. மாத்திருவோமுங்க" என்றாள் தைப்பவர்களில் ஒருத்தி. வெளியே வெட்டிப் போட்டிருந்த காபிச் செடியின் குச்சியை விரல் நீளத்துக்கு நறுக்கி, பொத்தான்போல் மடிப்பில் கட்டினாள். இன்னொருத்தி அதற்கு ஒரு நாடா வளையம் தைத்தாள். அந்த அம்மா குழாயடியில் பையை நனைத்து நனைத்துப் பார்த்து, வளையம் சிறிது, குச்சி வழுக்குகிறது என்று குறை சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லாம் சரியான பிறகு, கடைசிப் பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போனார்.

சனிக்கிழமை வியாபாரியின் முகம் சுருங்கியது. "மாதிரில இல்லாததை யாருங்க சேர்க்கச் சொன்னது?"

வாளியில் ஊறிக்கொண்டிருந்த அவருடைய மாதிரிப் பையையும் எங்கள் புதுப் பையையும் எடுத்து அவர் முன் வைத்தேன். அவிழ்த்துப் பாருங்கள் என்றேன். அவர் கொடுத்த பையோடு மல்லுக்கட்டி நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். எங்கள் பை ஒரு கையால் திறந்தது.

"இத்தனை வருசமா வித்திருக்கறேன். ஒருத்தர்கூடச் சொல்லலியே" என்றார். பிறகு, "இனி இதையே மாதிரியா வெச்சுக்கலாமுங்க" என்றார்.

"மாதிரிக்குத் தனிக் கூலி உண்டுங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அவரும் சிரித்துவிட்டார்.

பருவம் முழுவதற்குமான ஆர்டர் கிடைத்தது. யாரும் பெட்டி கட்டவில்லை. இப்போதும் யாராவது கையில் பையோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்தால், எங்கள் பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு முதலில் அவருக்கு நாற்காலி போடுகிறார்கள். ஒரு பொருளைச் செய்கிறவருக்கு, அதைப் பயன்படுத்துகிறவர் குறை சொல்லத் தேடி வருவதைவிடப் பெரிய கௌரவம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.